ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம் போதும். பாறசாலையிலிருந்து காரோட்டுப் பக்கம் திரும்பி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ரோட்டில் விட்டால் கடைசியில் சக்கரம் மணலில் புதையும். அப்படிப்பட்ட இடத்தில் குடியிருக்கிற எங்கள் குடும்பம், ஒரு சனி ஞாயிறு கடல் பார்க்கப் போவதற்கு மூன்று வாரம் திட்டம் போட்டது. அதற்கென்று வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குரூப் உண்டாக்கினார்கள். அலை அடிக்கிற படம் ஒன்றை முகப்பில் வைத்தார்கள். காலையில் நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் முப்பது மெசேஜ் வந்து கிடக்கும்.

இதில் என் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ரோடு போய் முடிகிற மணலில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா இன்றும் கடலுக்குப் போகிறவர். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் என் மாமனாரும் மாமியாரும் என் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. வருவார்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள், சாயா குடிப்பார்கள், பொழுது சாயும் முன்னே கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு ராத்திரி அவர்கள் அங்கே தங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உள்ளுக்குள் அது பிடிவாதம். ஆனால் வாயைத் திறந்து கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அதில் என்ன மதிப்பு என்று எனக்கு ஒரு வீம்பு.

போன வருஷம் அந்த வீம்புக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் வார்த்தது அப்பா கட்டிய மாடி அறை. ஒருநாள் அப்பா போனில், "ஒனக்க மாமிக்கு முட்டுவலி மாறிச்சா?" என்று கேட்டார். மாறவில்லை, கீழே குத்தவைக்க முடியாது, யூரோப்பியன் கிளாசெட் இருந்தால்தான் ஆகும் என்று சொன்னேன். நான்கு மாதம் கழித்துப் போனபோது மேலே ஒரு அறை எழும்பியிருந்தது. கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் குளிமுறி, அதில் வெள்ளைவெளேரென்று யூரோப்பியன் கிளாசெட். யாருக்காகக் கட்டினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அறையைத் துடைத்து ஜன்னலைத் திறந்து வைத்து மறுபடி பூட்டுவாள். அதில் இதுவரை யாரும் படுத்ததில்லை.

கடல் பயணத்துக்கு வருகிறேன். குரூப்பை ஆரம்பித்தவர் என் நாத்தனாரின் கணவர். நாத்தனார் என் கணவருக்கு ஒரே தங்கை, அதியன்னூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் கணவருக்கு ஒரு இடத்துக்குப் போவதைவிடப் போவதற்குத் திட்டம் போடுவதில்தான் சந்தோஷம். புதிதாக ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று எடுத்திருந்தார். அதை எங்கேயாவது ஓட்டிக் காட்ட வேண்டுமே. நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். மாமா, மாமி, என் கணவர், நான், எங்கள் மகள், நாத்தனார், அவள் கணவர், அவர்கள் மகள். எட்டாவது ஆளை யார் மடியில் வைப்பது என்பதே குரூப்பில் இரண்டு நாள் ஓடியது.

பேச்சுவார்த்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, எங்கள் வீட்டு ஹாலில்தான் நடக்கும். மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் புகுந்த வீட்டுப் புராட்டஸ்டண்ட் சபையின் பழைய மிஷன் கோயிலில் முன்வரிசையில் மூன்றாவது இடம் அவருடையது, அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாக என் கணவர் வீட்டில் சொன்னபோது மாமா கோபப்படவில்லையாம். "ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னாராம். ஆறு மாதம் ஜெபித்தார். லத்தீன் கத்தோலிக்கக் கடப்புறத்துப் பெண்ணுக்குச் சம்மதம் கொடுக்கக் கர்த்தருக்கே ஆறு மாதம் ஆகியிருக்கிறது என்று என் கணவரை இன்றைக்கும் கிண்டல் செய்வேன்.

முதல் ஞாயிறு இடம் முடிவாக வேண்டும். "கோவளம்?" என்று ஆரம்பித்தாள் நாத்தனார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டு எத்தரையோ தடவ போயாச்சு," என்றார் மாமா. "கடலு எப்படி இருந்துதுன்னு எனக்கு ஓர்மை இல்ல. அஞ்ச மணல்ல நின்னு தலை எண்ணினது மட்டும் ஓர்மை உண்டு."

"அப்பம் கன்னியாகுமரி?"

"அது விருந்துக்காரங்க வந்தா கொண்டு காட்டுற எடமாக்கும்," என்றார் மாமி. "நாமளே போயி நாமளே பாத்துட்டு வரவா?"

முட்டம் என்றார் என் கணவர். அங்கேதான் தன் கல்யாண வீடியோ எடுத்தார்கள், மறுபடியும் அதே பாறையில் போய் நிற்க முடியாது என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். என் கணவர் சண்டை வராத இடமாகத் தேடிப் பார்த்து, "பூவார்?" என்றார்.

"எலே, அது இஞ்ச பக்கத்துலல்லா கெடக்கு," என்றார் மாமா. "பக்கத்துல போறதுக்குப் பேரு டிரிப்பா?"

பூவாரே பக்கம் என்றால் என் வீட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது. நான் எழுந்து சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கொஞ்சம் சத்தமாகவே போட்டேன். யாரும் கவனிக்கவில்லை, என் கணவர் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது ஞாயிறு ஆளாளுக்கு நிபந்தனை வைத்தார்கள். மாமாவுக்கு, எங்கே போனாலும் ஞாயிறு ஆராதனைக்கு நம் சபைக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும். மாமிக்கு யூரோப்பியன் கிளாசெட். நாத்தனாருக்குப் போட்டோ எடுக்கத் தோதாகச் சூரியன் கடலில் இறங்க வேண்டும். குழந்தைகளுக்கு நீச்சல்குளம். கடல் பார்க்கப் போகிறவர்களுக்கு நீச்சல்குளம் எதற்கு என்று கேட்டேன். "கடல்ல உப்பு இருக்கு" என்றாள் என் மகள். நாற்பது வருஷமாகக் கடலில் தொழில் செய்கிறவரின் பேத்தி சொன்ன பேச்சு அது. நாத்தனாரின் கணவருக்கு, விடியற்காலை வள்ளம் கரையேறும்போது போய் நின்று வலையிலிருந்து துள்ளத் துள்ள மீன் வாங்க வேண்டும். "கடைல வாங்குறது ஆருக்கும் முடியும். கடப்புறத்துல நின்னு வாங்கணும், அளியா. அதாக்கும் ஒரு அனுபவம்," என்று என் கணவரின் தோளில் தட்டினார்.

"மைனிக்கு?" என்று நாத்தனார் என்னைக் கேட்டாள்.

"எனக்கு எங்க போனாலும் செரி," என்றேன்.

இப்படிச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று என் கணவருக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவரே தோசை சுட்டார்.

மூன்றாவது ஞாயிறு நாத்தனாரின் கணவர் திட்டத்தை ஆபீசில் அச்செடுத்து எட்டுப் பிரதி கொண்டுவந்தார். குழந்தைகளுக்கும் ஆளுக்கொன்று. இடம் முடிவாகிவிட்டது. அஞ்சுதெங்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட். நீச்சல்குளம் உண்டு, கிளாசெட் உண்டு, சூரியன் இறங்கும் திசை சரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நம் சபைக் கோயில் ஒன்று இருப்பதை மாமா பழைய வாத்தியார் ஒருவரிடம் போனில் விசாரித்து உறுதி செய்திருந்தார். எல்லோர் முகத்திலும் போய்விட்டு வந்த களை. கைகழுவி வந்தவுடன் டி.வி.யில் மேப்பைப் போட்டு நாத்தனாரின் கணவர் விளக்க ஆரம்பித்தார்.

"ஹைவே வழி போனா பாலராமபுரம் முக்குல மாட்டிக்கிடுவோம்," என்றார். "அதனால இஞ்சயிருந்து காரோட்டுக்குப் போயி பைபாஸ்ல ஏறுறோம். ஏறினா ஒரே போக்கு."

டி.வி.யில் ஒரு நீலக்கோடு பாறசாலையிலிருந்து கிளம்பி, காரோட்டில் என் ஊருக்குத் திரும்பும் முக்கை உரசிக்கொண்டு வடக்கே ஓடியது. என் மகள் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து, "அம்மாச்சி வீடு இஞ்ச" என்றாள். "ஆமா மக்கா, அது தாண்டிப் போயாச்சு" என்றார் அவர், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது திரும்ப வேண்டாத ஒரு முக்கு, அவ்வளவுதான். நான் கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் அடுத்த வரி இப்படி இருந்தது: ஞாயிறு காலை ஆறு மணி, கடற்கரை. வள்ளம் கரையேறும்போது நேரடியாக மீன் வாங்குதல். ஏழு மணி, அதே மீன் பொரித்துக் காலை உணவு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க நினைத்தும் முடியவில்லை.

"எந்தா மைனி?" என்றாள் நாத்தனார்.

"ஞாயிற்றாழ்ச்ச அஞ்ச ஆரு வள்ளம் எறக்குவா?" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நான் சொன்னேன். அஞ்சுதெங்கு என் சித்தியைக் கட்டிக்கொடுத்த ஊர். அவர்களும் எங்களைப் போலக் கத்தோலிக்கக் கடற்கரை. சனிக்கிழமை வலையைக் கரையேற்றினால் பிறகு திங்கட்கிழமைதான் கடலில் இறங்குவார்கள். ஞாயிறு பூசை, ஓய்வு, வலை பழுது பார்ப்பதுகூடக் கிடையாது. காரோட்டுப் பக்கம் எங்கள் கரையிலும் அப்படியே. எவனாவது ஆசைப்பட்டு இறக்கினால் ஊரே கூடிக் கேள்வி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களையும் அதன்மேல் படுத்திருக்கிற நாய்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

நாத்தனாரின் கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது வழி எழுதியிருக்குமோ என்பதுபோல். மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஞாயிற்றாழ்ச்ச தொழிலுக்குப் போகல்லியா? ஒருத்தரும்?" என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. ஓய்வுநாளை ஆசரிப்பதில் தங்கள் சபையை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவர் அவர்.

"ஒருத்தரும் போவல்ல மாமா."

அப்போதுதான் மாமி கேட்டார். "பின்ன நான் ஞாயிற்றாழ்ச்ச வாங்குற மீனு?"

ஒவ்வொரு ஞாயிறும் கோயில் விட்டு வரும் வழியில், முக்கில் நிற்கிற மீன் வண்டிக்காரரிடம் மாமி மீன் வாங்குவார். "இப்பம் கரைக்கு வந்ததாக்கும் அம்மா" என்று அவர் சொல்ல, "இண்ணைக்குப் பிடிச்சது, கண்டியா எப்படி மினுங்குது" என்று மாமி வீட்டில் வந்து சொல்ல, வறுத்தரைத்த குழம்பும் அவித்த மரச்சீனிக் கிழங்குமாக நாங்கள் சாப்பிடுவோம். அன்றும் சாப்பிட்டிருந்தோம். குழம்புச்சட்டி இன்னும் மேசைமேல்தான் இருந்தது. எட்டுப் பேரும் அதைப் பார்த்தோம்.

"எங்கேயோ தூரத்து ஹார்பர்ல இருந்து ஐசுல வாறது," என்றேன் மெதுவாக. "ரெண்டு நாளு ஆயிருக்கும். சிலப்பம் மூணு."

"ஒனக்கு அறியுமா?" என்றார் மாமி.

"கண்ணைப் பாத்தா அறியும். செவுளைத் தொறந்தா நல்லா அறியும்."

"எப்பம் தொட்டு அறியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "கல்யாணம் முடிஞ்சு வந்த முதல் ஞாயிறு தொட்டு," என்றேன்.

என் கணவர் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினார். நாத்தனார் அடக்கவேயில்லை. "பதினோரு வருஷமா ஐசு மீனை இண்ணைக்குப் பிடிச்சதுன்னு தின்னிருக்கோமே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர், தான் எப்போதுமே அந்த மீனில் ஒரு வித்தியாசத்தை உணர்ந்ததாகச் சொன்னார். அன்று மூன்று துண்டு கேட்டு வாங்கித் தின்றவர் அவர். மாமாவும் சிரித்தார். மாமி மட்டும் சிரிக்கவில்லை.

"அறிஞ்சும் நீ ஒரு வார்த்தை பறையல்லியே மக்களே," என்றார்.

நியாயமான கேள்வி. ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் பதினோரு வருஷமாகப் பத்திரமாக இருந்தது. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, அடுக்களையில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் மாமி சொன்னதை நான் கேட்டேன். "கடப்புறத்துப் பிள்ளையல்லா, மீன் இல்லாம சோறு எறங்காது." கடப்புறம் என்ற சொல்லை நாங்கள் சொன்னால் அது ஊர். மேட்டில் இருக்கிறவர்கள் சொன்னால் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். புதுப்பெண், அழுகை வந்தது. மீனை நறுக்க எடுத்தபோது செவுள் பழுப்பாக இருந்தது. சொன்னால் கடப்புறத்துக்காரியின் திமிர் என்பார்கள், தின்னட்டும் என்று நினைத்தேன். புளியைக் கூடக் கொஞ்சம் கரைத்து ஊற்றிச் சமாளித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மாமி அந்த மீனைப் புகழும்போது உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல புத்தி இல்லைதான்.

இதில் பாதியை மாமியிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மாமி என்னையே பார்த்தார். "எனக்க கர்த்தாவே," என்றார். "நீ வாறதுக்கு முன்ன இந்த வீட்டுல ஞாயிற்றாழ்ச்ச மீனே கிடையாது. எறைச்சியும் மரச்சீனியுமாக்கும். அவனுட்ட கேளு." என் கணவர் தலையாட்டினார். "வீட்டை விட்டு வந்த பிள்ளை, மீன் தின்னு வளந்த பிள்ளை, சோறு எறங்காம இருக்குமேன்னு நான் முக்குல போயி நிக்கத் தொடங்கினேன். எனக்கு மீன் பாத்து வாங்க எங்க அறியும்? அவன் மினுங்குதுன்னான், நானும் மினுங்குதுன்னேன்."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். "அவ்வளவு நினைச்ச ஆளு பின்ன எனக்க வீட்டுல ஒரு ராத்திரி கெடந்தது உண்டா?" என்று கேட்டுவிட்டேன். "பதினோரு வருஷமாச்சு. சாயா குடிப்பீங்க, போவீங்க. கடலு பாக்க அஞ்சுதெங்கு வரைக்கும் போவணும். எனக்க வீட்டு முக்கு வழியே போவணும், ஆனா திரும்பப்படாது!"

நாத்தனாரின் கணவர் எழுந்து டி.வி.யை அணைத்தார்.

"நீ எப்பளாவது கெடக்கச் சொன்னியா?" என்றார் மாமி. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மணி அஞ்சாச்சுன்னா ஆரு எனக்க பையை எடுத்து எனக்க கையில தாறது? 'மாமி, இருட்டினா வண்டி கிட்டாது'ன்னு நீயாக்கும் பறைவ. சொந்தமா வண்டி வாங்கின பிறகும் அதையேதான் பறைஞ்ச. ஒனக்கு நாங்க அஞ்ச கெடக்குறது இஷ்டமில்லன்னு நெனச்சேன். ஒனக்க மாமாட்டயும் பறைஞ்சேன். பிள்ளைக்கு இஷ்டமில்லாத இடத்துல நாம என்னத்துக்குன்னு."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பையை எடுத்துக் கொடுத்தது நான்தான். முதல் தடவை அவர்கள் வந்தது கர்க்கடக மாசத்து மழையில். அன்றைக்கு எங்களுக்கு ஒரே அறை, மேலே ஷீட், இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாசல்வரை கடல் வந்துகொண்டிருந்தது. மாமி என் காதில் குளிமுறி எங்கே என்று கேட்டபோது, வீட்டுக்குப் பின்னால் நாலு வீட்டுக்குப் பொதுவான மறைப்பைக் காட்ட எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதே பையை எடுத்துக் கையில் கொடுத்துக் கிளப்பிவிட்டேன். அதற்குப் பின் வீடு மாறியது, கான்கிரீட் வந்தது, மாடி அறையும் வந்தது. நான் மட்டும் ஐந்து மணியானால் பையைத் தேடுகிறவளாகவே இருந்துவிட்டேன். அவர்கள் தங்குவதில்லை என்று நானே என் அம்மாவிடம் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறேன். அம்மாவும் அதை நம்பி, பெரிய வீட்டுக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று என்னைச் சமாதானம் செய்திருக்கிறாள்.

அழுதேன். மாமி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், அதில் மீன்குழம்பு வாசம் அடித்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இப்பம் சொல்லுதேன்," என்றேன். "வாற சனியாழ்ச்ச எல்லாரும் எனக்க வீட்டுக்கு வரணும். ராத்திரி அஞ்ச கெடக்கணும். மேல ஒரு ரூம் உண்டு. யூரோப்பியன் கிளாசெட் உண்டு மாமி."

"சூரியன்?" என்றாள் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நேரே வாசல்ல எறங்கும்."

"நீச்சல்குளம்?" என்றது ஒரு குழந்தை. அதை யாரும் மதிக்கவில்லை.

மாமாவின் பக்கம் திரும்பினோம். எங்கள் ஊரில் அவர் சபைக்குக் கோயில் கிடையாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு அந்த ஆறு மாத ஜெபம் ஞாபகத்துக்கு வந்தது. "ஞாயிற்றாழ்ச்ச வள்ளம் எறக்காத ஆளுகளுக்க கோயில்ல ஒரு நாளு போயி இருந்தா ஒண்ணும் ஆகாது," என்றார். "பூசைல எப்பம் எந்திரிக்கணும், எப்பம் முட்டு போடணும்னு நீ பக்கத்துல நின்னு சொன்னாப் போரும்."

நாத்தனாரின் கணவர் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்து ரிசார்ட்டை ரத்து செய்துகொண்டிருந்தார். அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. புதிதாக ஒரு திட்டம் போட வேண்டியிருந்ததல்லவா.

அங்கேயே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார் என் கணவர்.

"அம்மா, வாற சனியாழ்ச்ச மாமா, மாமி, எல்லாரும் வாறோம்."

"வரட்டும் மக்களே. சாயா எத்தர மணிக்குப் போடணும்?"

"சாயாவுக்கு இல்லம்மா. ராத்திரி கெடக்க வாறோம்."

அந்தப் பக்கம் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. "இஞ்ச பாருங்க, கேட்டீங்களா, மேல ரூம்ல கெடக்க வாறாங்களாம்." என்னவோ உருண்டு விழுந்தது. அப்பா போனை வாங்கினார். அப்பா போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை.

"எத்தர பேரு?"

"எட்டுப் பேரு அப்பா."

"எத்தர நாளு?"

ஒரு ராத்திரியைக் கேட்பதற்கே பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டவள் நான். "ஒரு நாளு அப்பா," என்றேன். "ஞாயிற்றாழ்ச்ச உச்சைக்குப் போயிருவோம்."

"ஞாயிற்றாழ்ச்ச மீன் இருக்காதே மக்களே," என்றார் அப்பா. இரண்டு வார்த்தைக்கு மேல் ஆகிவிட்டது. குரலும் ஒருமாதிரி இருந்தது. "முதமுதல்ல கெடக்க வாறவங்களுக்கு நல்ல மீன் ஒண்ணு குடுக்காண்டாமா?"

மாமி கை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார். ஸ்பீக்கர் போட்டிருக்கிறது என்பது தெரியாமல் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினார்.

"சம்மந்தி, நானாக்கும். பிள்ளைகளுக்குத் திங்களாழ்ச்ச பள்ளிக்கூடம் உண்டு, அவங்க போகட்டு. நானும் அவரும் அஞ்சயே நிக்குறோம். நீங்க திங்களாழ்ச்ச கடலுக்குப் போயிட்டு வாங்க. மீன் வந்த பிறகு நாங்க போறோம்."